முழுசாக ஒப்புக்கொடுத்தால் ‘நான்’ மிஞ்சுவேனா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 27. கணினித் துறையில் வேலை. ஓய்வு நேரத்தில் படக்கதை வரைகிறார். இங்கே சிங்கப்பூரில், வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் கூடும் செல் குரூப்புக்கு, அதாவது சபையின் சின்ன ஜெபக் குழுவுக்கு, போகிறார். அங்கே தலைவர் அவரிடம், “வரைவதையெல்லாம் பலிபீடத்தில் வை, நீ இன்னும் சுயத்துக்குச் சாகவில்லை” என்று சொல்லியிருக்கிறார். தம்பி கேட்பது இது: “தேவனுக்கு முழுசா ஒப்புக்கொடுத்தா ‘நான்’னு ஒண்ணு மிஞ்சுமா? ராணுவப் பயிற்சிக்கு டெக்கோங் தீவுக்குப் போன முதல் நாளே முடியை வழிச்சு, ஒரே பச்சை உடுப்பைப் போட்டு எல்லாரையும் ஒரே ஆளாக்கினாங்களே, ஆவிக்குரிய வளர்ச்சியும் அதுதானா?”

மிஞ்சுவீர்கள், தம்பி. மிஞ்சவில்லை என்றால் நடந்தது வேறு ஏதோ, அது ஒப்புக்கொடுத்தல் அல்ல. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணத்தைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

டெக்கோங்கை முதலில் பார்த்துவிடுவோம். தேசிய சேவையில் ஆட்களை ஒரே மாதிரி ஆக்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்தாக வேண்டும். அங்கே இடம்தான் முக்கியம், ஆள் மாறலாம். அப்போஸ்தலர் பவுல் சபையைப் பற்றிச் சொல்வது இதற்கு நேர் எதிர். “சரீரம் முழுவதும் கண்ணானால், செவி எங்கே?” என்று 1 கொரிந்தியர் 12இல் கேட்கிறார். கண் போனால் அந்த இடத்தில் காதை வைத்துச் சமாளிக்க முடியாது. ஆவியானவர் ஒருவரே, வரங்கள்தான் வெவ்வேறு என்று அதே அதிகாரம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. செல் குரூப்பில் எல்லாரும் ஒரே தொனியில் ஜெபிக்கிறார்கள், ஒரே வார்த்தைகளில் சாட்சி சொல்கிறார்கள், தலைவரைப் போலவே கையை உயர்த்துகிறார்கள் என்றால் அதைப் பரிசுத்தத்தின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கேள்வி சபை ஒழுங்கைப் பற்றியது மட்டும் அல்ல, அதைவிட ஆழமானது. ஒரு மனிதன் தன் விருப்பத்தைத் தேவனிடம் கொடுக்கும்போது அந்த விருப்பம் என்ன ஆகிறது? அழிகிறதா, இருக்கிறதா? இதற்கு, இயேசு சிலுவைக்கு முந்தின இரவு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

“பிதாவே, உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும், ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது.” இதன் பின்பாதியைத்தான் நாம் பிரசங்கிக்கிறோம், சுவரில் மாட்டுகிறோம். முன்பாதியை ஓட்டிவிடுகிறோம். முன்பாதியில் இயேசு தமக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, வேண்டாம் என்கிறார். ஒரு முறை சொல்லி நிறுத்தவும் இல்லை. மூன்று முறை போய் ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். தம்மிடம் விருப்பமே இல்லை என்று அவர் பாவனை செய்யவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் இந்த ஒரு ஜெபத்தை வைத்துத் திருச்சபை பெரிய சண்டையே போட்டது. கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் ஒன்று மட்டும்தான் இருந்தது, மனிதச் சித்தம் தனியாக இல்லை என்று ஒரு தரப்பு சொன்னது. பேரரசரின் அரண்மனைக்கு அது வசதியாக இருந்தது, பிரிந்து கிடந்த சபைகளை ஒட்டவைக்கலாம் என்ற கணக்கு. மாக்சிமுஸ் என்ற துறவி ஒத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துவுக்கு மனிதச் சித்தமே இல்லையென்றால் கெத்செமனேயில் கீழ்ப்படிந்தது யார் என்பது அவர் வாதம். மனிதனின் சித்தத்தைக் குணமாக்க வந்தவர் அதை எடுத்துக்கொள்ளாமலே எப்படிக் குணமாக்குவார்? 662இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டே இறந்துபோனார். அப்புறம் 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவர் சொன்னதையே சபையின் போதனையாக ஏற்றது. கிறிஸ்துவில் இரண்டு சித்தங்கள் உண்டு, மனிதச் சித்தம் தெய்வீகச் சித்தத்துக்குக் கீழ்ப்படிகிறது, ஆனால் அழிக்கப்படவில்லை.

இது பழைய இறையியல் சிக்கல், நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்குத்தான் இது. பிதாவுக்கு முழுமையாக ஒப்புக்கொடுத்த ஒரே மனிதரிடம் மனிதச் சித்தம் கடைசிவரை உயிரோடு இருந்தது என்று சபை தீர்த்துச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க உங்களுடைய சித்தத்தைச் சாகடித்தால்தான் தேவன் சந்தோஷப்படுவார் என்று யார் சொன்னாலும், அவர் கிறிஸ்துவிடம் கேட்கப்படாத ஒன்றை உங்களிடம் கேட்கிறார்.

சரி, “இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்” என்று பவுல் சொன்னாரே? கலாத்தியர் 2:20. உங்கள் தலைவரும் இதைத்தான் காட்டியிருப்பார். அந்த வசனத்துக்குச் சற்று மேலே, அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தைப் படியுங்கள். அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்தேன் என்கிறார் பவுல். பேதுரு மூத்தவர், இயேசுவோடு நடந்தவர். யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து ஒதுங்கிவிட்டார். பர்னபாவும் அவரோடு போய்விட்டார். எல்லார் முன்பாகவும் பவுல் தட்டிக்கேட்கிறார். அதை எழுதிய கையோடுதான் “நான் அல்ல” என்றும் எழுதுகிறார். “நான் அல்ல” என்பதற்கு வாயை மூடிக்கொண்டு தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுவது என்று அர்த்தமிருந்தால் இந்த அதிகாரமே எழுதப்பட்டிருக்காது. பவுலின் கோபம், நக்கல், வாதத் திறமை எல்லாம் அவருடைய கடிதங்களில் அப்படியே இருக்கின்றன. யோவானின் எழுத்தைப் பவுலுடையது என்று யாரும் தவறாக எண்ணிவிட முடியாது.

அப்படியானால் சாக வேண்டியது எது? கலாத்தியருக்கே எழுதியதில் ஐந்தாம் அதிகாரத்தில் பட்டியல் இருக்கிறது. விபசாரம், விக்கிரகாராதனை, பகை, விரோதம், வைராக்கியம், கோபம், சண்டை, பொறாமை, குடிவெறி என்று போகிறது. நிதானமாகப் படித்துப் பாருங்கள். படம் வரைவது அதில் இல்லை. கேள்வி கேட்பது இல்லை. கூட்டத்தில் அதிகம் பேசாமல் இருக்கும் சுபாவம் இல்லை. மற்றவர்களுக்குப் பிடிக்கிற பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போவதும் இல்லை. பவுல் சிலுவையில் அறையச் சொல்வதைத்தான் அறைய வேண்டும். நமக்கு எரிச்சலூட்டுகிற குணங்களையெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கேட்க விரும்பியதை மட்டும் நான் சொன்னதாகிவிடும். தனித்தன்மை என்று நாம் கொண்டாடுவதில் பாதி தனித்தன்மையே அல்ல. “நான் இப்படித்தான், மனசில் பட்டதைச் சொல்லிடுவேன்” என்று மனைவியை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அது அவருடைய தனித்தன்மை அல்ல, வெறும் முன்கோபம். அதே முன்கோபம் அவருடைய அப்பாவிடமும் இருந்தது, பக்கத்து புளோக்கில் இருப்பவரிடமும் இருக்கிறது. நமக்கு மட்டுமே சொந்தம் என்று நாம் நினைக்கும் ஆசைகளில் பல, ஆர்ச்சர்ட் ரோட்டில் விளம்பரப் பலகையில் நமக்கு முன்பே தொங்கிக்கொண்டிருந்தவை. காண்டோ, கார், பிள்ளைக்கு நல்ல பள்ளி, பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒரு படி மேலே. பாவம் மனிதர்களை ஒரே அச்சில் வார்க்கும். அதில் புதுமை ரொம்பக் குறைவு. ஆகவே படம் வரைவதில் உங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்க்கிறீர்களா? இன்னொருவர் நன்றாக வரைந்தால் வயிறு எரிகிறதா? பட்டியலில் ‘பொறாமை’ இருக்கிறது. பலிபீடத்தில் வைக்க வேண்டியது அதைத்தான், பேனாவை அல்ல.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் குரூப்பில் அம்மாமார்களும் அக்காமார்களும் இருப்பார்கள். 1960இல் வாலரி செய்விங் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அகந்தைதான் மனிதனின் அடிப்படைப் பாவம் என்று ஆண் இறையியலாளர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதிவிட்டார்கள், பல பெண்களின் சிக்கல் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது, அவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு ‘நான்’ உருவாகவே விடவில்லை என்பது அதன் சாரம். எங்கள் சபையில் ஒரு அத்தை இருக்கிறார். ஆராதனை முடிந்து தேக்கா சந்தைக்குச் சாப்பிடப் போனால், “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டதும் கணவரைப் பார்ப்பார், பிறகு பிள்ளைகளைப் பார்ப்பார். “அவங்க சாப்பிட்டு மிச்சம் வைப்பாங்க, அது போதும்” என்பார். இவரிடம் போய் ‘சுயத்துக்குச் சாகுங்கள்’ என்று பிரசங்கிப்பது கொடுமை. தனக்குத் தோசை வேண்டுமா பிரியாணி வேண்டுமா என்று தேவனுக்கு முன்பாக அவர் வாய் திறந்து சொன்னால் அதுதான் அவருக்கு ஆவிக்குரிய வளர்ச்சி. தன்னைக் கொடுப்பதற்கு முதலில் தன்னைக் கையில் வைத்திருக்க வேண்டுமே.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். யாரிடம் ஒப்புக்கொடுக்கிறீர்கள்?

இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் (1491–1556) தம்முடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு ஜெபம் எழுதியிருக்கிறார். என் சுதந்திரம், என் நினைவு, என் அறிவு, என் சித்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று போகும். அதைவிட முழுமையான ஒப்புக்கொடுத்தல் ஜெபம் எனக்குத் தெரிந்து இல்லை. அதே நூலின் தொடக்கத்தில், பயிற்சி கொடுக்கிற குருவுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பயிற்சி எடுப்பவரை நீ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்காதே, துறவுக்குப் போ என்றுகூடத் தூண்டாதே, தராசு முள் போல நடுவில் நில், படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்கிறார். முழுவதையும் கொடு என்று கேட்கிறவரே நடுவில் ஆள் நிற்கக் கூடாது என்பதிலும் கறாராக இருக்கிறார்.

நம் ஊரில் இது அடிக்கடி குழம்பிப்போகிறது. தமிழ்ச் சபைகள் சின்னவை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், பாஸ்டர் என்றால் அப்பாவுக்குச் சமம். அந்தப் பாசம் நல்லதுதான். ஆனால் எந்த வேலைக்குப் போவது, யாரைக் கல்யாணம் பண்ணுவது, எந்த பிடிஓ (புதிதாகக் கட்டப்படும் வீவக) வீட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதெல்லாம் தலைவரின் அனுமதியில் நடக்க ஆரம்பித்தால், கர்த்தருக்கு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு மனிதருக்கு உங்களை எழுதிக்கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஆலோசனை கேளுங்கள், மறுக்கவில்லை. ஆலோசனை சொல்கிறவர் உங்கள் பதில் ‘இல்லை’ என்றாலும் அதே அன்போடு இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ஆலோசனை அல்ல, உத்தரவு.

தேவனுக்கு ஒப்புக்கொடுத்தவர் மனிதருக்கு முன் எப்படி நிற்பார் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சாட்சி இருக்கிறது. லெனர்ட் வில்சன், 1941இல் ஆங்கிலிக்கன் பேராயராக இங்கே வந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் 1943 அக்டோபரில் அவர்களுடைய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் அவரை இழுத்துப் போய் நாள் கணக்கில் வதைத்தது. அடிக்கிறவர்களைப் பார்த்து, இவர்களும் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளாக அண்ணன் தம்பிகளோடு விளையாடியிருப்பார்களே என்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார். தேவன் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டவர்களிடம், வேதனையை நீக்கி அல்ல, தாங்கும் ஆவியைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்று பதில் சொன்னார். போருக்குப் பின் வதைத்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சபைச் சடங்கு) கொடுத்தார். சுயம் கரைந்துபோன மனிதரின் பேச்சாக இது எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் சொந்தமாக யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அநேகமாக அவர்தான்.

வரைவதற்கு வருகிறேன். யாத்திராகமம் 31ஐப் படியுங்கள். பெசலெயேல் என்று பெயர் சொல்லி அழைத்து, அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் விநோதமான வேலைகளை யோசித்துச் செய்வதற்கு. தீர்க்கதரிசனம் சொல்வதற்கு அல்ல, கைவேலைக்கு.

விட்டுக்கொடுத்த கலைஞர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1868இல் இயேசு சபையில் சேரும்போது, இது துறவுக்கு ஒத்துவராது என்று தாமாகவே தம் கவிதைகளை எரித்தார். ஏழு வருடம் கவிதை என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை. 1875இல் ஒரு கப்பல் மூழ்கி ஐந்து கன்னியாஸ்திரிகள் இறந்தார்கள். யாராவது இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று அவருடைய மேலதிகாரி பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதன்பின் வந்தது பழைய மாதிரி எழுத்து அல்ல. ஆங்கிலத்தில் அதுவரை யாரும் கேட்டிராத ஓசை. படைக்கப்பட்ட ஒவ்வொன்றும் தன்னைத்தானே உரக்கச் சொல்கிறது, அதற்காகவே அது வந்தது என்று பாடியவரும் அவரே. இதிலிருந்து ‘விட்டால் இரட்டிப்பாகக் கிடைக்கும்’ என்று கணக்குப் போட வேண்டாம். சிலருக்குத் திரும்பக் கிடைக்காமலும் போகும். அவர் விட்டதும் எடுத்ததும் அவருக்கும் தேவனுக்கும் நடுவில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். எரி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறியவர். 1858இல் கிறிஸ்தவரானார். சரணாகதி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருந்திருக்காது. மதம் மாறியபோது கம்பனை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பியத்தில் அந்தத் தமிழ் முழுவதும் இருக்கிறது. ஒரு ஆங்கிலக் கதையை எடுத்துக்கொண்டு அதைத் தமிழ்க் காப்பியமாக மாற்ற, தன்னை விட்டுக்கொடுத்த அவரால்தான் முடிந்தது, அவரைத் தவிர வேறொருவரால் முடிந்திருக்காது.

பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975), பிற்பாடு கோயம்புத்தூர்ப் பேராயரானவர், இதை ஒரு இறையியலாகவே எழுதினார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்தார், இராமானுசரிடம் கற்றார். கடவுளோடு ஒன்றாவது என்றால் ஒருவர் இன்னொருவரில் காணாமல் போவது அல்ல, அன்பிலும் சித்தத்திலும் ஒன்றாவது என்றார். அன்புக்கு இரண்டு பேர் வேண்டும். மாணிக்கவாசகர் தம் இறைவனிடம் கேட்கிறாரே, “தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்” என்று! உன்னைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாய், நம் இருவரில் யார் கெட்டிக்காரர் என்று வம்புக்கு இழுக்கிறார். முழுசாகக் கொடுத்த பிறகும் வம்பு பேச ஆள் இருக்கிறது. மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டுக் காலத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துவார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தை உருவாக்கிய ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. இனி நான் எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம், என்னை வேலையில் வையும், பாடுகளில் வையும், நிரப்பும், வெறுமையாக்கும் என்று எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் நீர் என்னுடையவர், நான் உம்முடையவன் என்று முடியும். அங்கேயும் இரண்டு பேர்தான்.

இனி உங்கள் காரியம். வரைவதை நிறுத்துவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் தலைவர் செய்ததையே நானும் செய்ததாகும். ஒன்று செய்து பாருங்கள். ஒரு மாதம், தினமும், உங்கள் ஜெபத்தில் முதலில் அந்தக் கெத்செமனே ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லுங்கள். எனக்கு வரைய வேண்டும், இது எனக்குப் பிடிக்கிறது, இதை எடுத்துவிடாதேயும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வேதாகமத்தின் சங்கீதங்களை எழுதியவர்கள் இதைவிட அதிகமாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். அது உண்மையாக வாயில் வந்த பிறகு பின்பாதியைச் சொல்லுங்கள். முன்பாதி இல்லாமல் பின்பாதியை மட்டும் சொன்னால் அது தேவனிடம் பேசியதாகாது, கூட்டத்துக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதாகத்தான் ஆகும்.

செல் குரூப்பை உடனே விட்டுவிட வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தலைவரைத் தனியாகப் பிடித்து, “அண்ணே, நான் வரைவதில் எந்தப் பாவத்தை நீங்கள் பார்த்தீர்கள், அதைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் பொறாமையையோ பெருமையையோ குறிப்பாகக் காட்டினால் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் உண்மையான நண்பர். காட்ட ஒன்றுமில்லாமல், கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால், அப்போது வேறு குரூப் தேடலாம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவதை மட்டும் அதனால் நிறுத்திவிடாதீர்கள்.